யூனிக்ஸ் அறைகளும் கோப்புப் பரிமாற்றமும்

ஒரு பள்ளி தன் மாணவியரின் மதிப்பெண்களைக் கணிப்பொறி ஒன்றில் சேர்த்து வைத்திருக்கிறது என்று கொள்வோம். அதே கணிப்பொறியில்தான் அப்பள்ளியின் இணையப் பக்கமும் இயங்குகிறது. இணையப் பக்கத்தை உலகில் உள்ள எவரும் வந்து பார்க்கலாம். பார்க்க வேண்டும் என்பதற்காகவே அது இருக்கிறது. மதிப்பெண் பட்டியலையோ உரிய ஆசிரியரன்றி வேறெவரும் தொடலாகாது. இணையப் பக்கத்தை நடத்தும் நிரலில் ஒரு சிறு ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? அவ்வழியே நுழைந்த அயலான் மதிப்பெண்ணையும் திருத்திவிடக் கூடுமே! ஆண்டு முழுதும் கண்விழித்துப் படித்து ஒரு மாணவி பெற்ற எண், முகமறியாத ஒருவனின் விரல் பட்டு மாறிப்போகும்.

இரண்டு கணிப்பொறிகள் வாங்கினால் தீர்ந்தது என்று தோழியர் கூறலாம். பணம் உள்ள இடத்தில் அது நல்ல வழியே. ஆனால் யூனிக்ஸ் வழிவந்த இயக்க அமைப்புகளில் ஒரே கணிப்பொறிக்குள் சுவர் எழுப்பி அறை அறையாகப் பிரிக்க இயலும். ஓர் அறையில் ஓடும் நிரலுக்கு மற்ற அறை இருப்பதே தெரியாது. இணையப் பக்கத்தை முன்னறையிலும் மதிப்பெண்ணை உள்ளறையிலும் வைத்துவிடலாம்.

இத்துடன் வேலை முடிந்ததா என்றால், இல்லை. மாணவியர் தம் பயிற்சி விடைகளை இணையப் பக்கத்தின் வழியாகத்தானே அனுப்புகின்றனர்? அவை முன்னறையில் வந்து விழுகின்றன. அவற்றைத் திருத்தி எண் இடும் நிரல் உள்ளறையில் இருக்கிறது. ஆகவே கோப்பு சுவரைக் கடந்தே ஆக வேண்டும். சுவர் எழுப்புவதைவிடச் சுவரில் சன்னல் வைப்பதே கடினமான வேலை. அதனைப் பாதுகாப்பாக வைப்பது எவ்வாறு என்பதையே இக்கட்டுரையில் காண்போம். பிரீபிஎஸ்டி என்னும் இயக்க அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இந்த அறைகள் அதில் மிகத் தெளிவாக அமைந்துள்ளன.

அறைகள் வந்த கதை

யூனிக்ஸ் 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. அதில் எல்லாக் கோப்புகளும் ஒரே மரத்தின் கிளைகள் போன்றவை. மரத்தின் அடி 'வேர்' எனப்படும். ஒரு சாய்கோட்டினால் அதனைக் குறிப்பர். கோப்புகளை அடக்கும் பெட்டியை 'டைரக்டரி' என்பர். நாம் அதனை அடைவு என்போம். எந்தக் கோப்பையும் வேரிலிருந்து தொடங்கி அடைவு அடைவாக இறங்கிச் சென்று அடையலாம்.

1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் 'சிஎச்ரூட்' என்னும் கட்டளை இடம்பெற்றது. ஒரு நிரலிடம், "இதோ இந்த அடைவுதான் உனக்கு வேர்" என்று அது சொல்லிவிடும். அந்நிரல் அதற்கு மேலே ஏறிப் பார்க்க இயலாது. ஆனால் இது முழுமையான காவல் அன்று. உள்ளே இருப்பவர் 'ரூட்' என்னும் தலைமைப் பயனர் ஆகிவிட்டால், வெளியே தப்பிச் செல்லும் வழிகள் இருந்தன. மேலும் கோப்புகள்தாம் மறைந்தனவே தவிர, கணிப்பொறியில் ஓடும் பிற நிரல்களும் வலையமைப்பும் மறையவில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த பவுல்-ஹென்னிங் காம்ப் என்பவர் இக்குறையைத் தீர்க்க 'ஜெயில்' என்னும் முறையை அமைத்தார். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான பிரீபிஎஸ்டி 4.0இல் அது இடம்பெற்றது. சிறை என்ற பெயரைக் கேட்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. உள்ளே இருப்பவருக்கு அது ஒரு தனிக் கணிப்பொறி போலவே தோன்றும். தனிப் பெயர், தனி முகவரி, தனி ரூட் எல்லாம் உண்டு. ஆனால் அந்த ரூட்டின் அதிகாரம் அறைச் சுவரோடு நின்றுவிடும். அவர் புதிய வட்டு எதையும் இணைக்க இயலாது. பிற அறைகளில் ஓடும் நிரல்களைக் காணவும் நிறுத்தவும் இயலாது. எல்லா அறைகளையும் மேலிருந்து நடத்துவது கணிப்பொறியின் மூல அமைப்பு. அதனைத் தாய் அமைப்பு என்று அழைப்போம்.

ஒரே அடைவு, இரண்டு வாசல்

யூனிக்ஸில் ஒரு வட்டைக் கோப்பு மரத்தின் ஏதேனும் ஒரு கிளையில் பொருத்துவதை 'மவுண்ட்' என்பர். பொருத்தப்படுவது வட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே உள்ள ஓர் அடைவையே இன்னோர் இடத்திலும் தோன்றும்படி செய்யலாம். பிரீபிஎஸ்டியில் இப்பணியைச் செய்வது 'நல்எஃப்எஸ்' என்பது. 1993இல் வெளியான 4.4பிஎஸ்டியிலேயே இது இருந்தது. ஒரு பிரதி எடுத்து வைப்பதன்று இது. கோப்பு ஒன்றேதான், வாசல்தான் இரண்டு. தாய் அமைப்பில் 'விடைகள்' என்று ஓர் அடைவு உண்டாக்கி, அதனை முன்னறைக்குள்ளும் உள்ளறைக்குள்ளும் நல்எஃப்எஸ் கொண்டு பொருத்திவிட்டால், முன்னறையில் எழுதியது அந்த நொடியே உள்ளறையில் தெரியும்.

இதில் நமக்கு மிகவும் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனி விதி வைக்கலாம். முன்னறையில் எழுதவும் படிக்கவும் அனுமதி தரலாம். உள்ளறையில் படிக்க மட்டும் தரலாம். பொருத்தும்போது 'ஆர்ஓ' என்னும் இரண்டெழுத்துச் சொல்லைச் சேர்த்தால் போதும். அதன்பின் உள்ளறையின் ரூட் எவ்வளவு முயன்றாலும் அந்த வாசல் வழியே ஓர் எழுத்தைக்கூட எழுத இயலாது. விதியை மாற்றி மறுபடியும் பொருத்திக்கொள்வாரே என்றால், பொருத்தும் உரிமையே அவருக்கு இல்லை. தாய் அமைப்பு வெளிப்படையாக வழங்கினாலொழிய அறைக்குள் மவுண்ட் செய்ய முடியாது. அவ்வுரிமையை வழங்காதிருப்பதே நலம்.

இவற்றை ஒவ்வொரு முறையும் கையால் செய்ய வேண்டுவதில்லை. அறைக்கென ஒரு சிறு பட்டியல் எழுதி வைத்தால், அறை திறக்கும்போது தானே பொருந்தி, மூடும்போது தானே கழன்றுவிடும். பட்டியலின் ஒரு வரியில், முதலில் தாய் அமைப்பில் உள்ள அடைவின் பாதை, அடுத்து அறையில் அது தோன்ற வேண்டிய இடம், அதுவும் தாய் அமைப்பிலிருந்து பார்க்கும் முழுப் பாதையாக, பிறகு நல்எஃப்எஸ் என்ற சொல், பிறகு விதிகள், கடைசியில் இரண்டு சுழிகள். அவ்வளவே.

புதிதாகப் பழகுவோர் இங்கே இரண்டு இடங்களில் திகைப்பர். அறைக்குள் இருந்துகொண்டு பொருத்தப்பட்டவற்றின் பட்டியலைக் கேட்டால், நாம் பொருத்திய அடைவு அதில் வராது. அது பழுதன்று, அறைக்குள்ளிருப்போர் தம் வேர் அமைந்த இடத்தை மட்டும் காண வேண்டும் என்பதே இயல்பான விதி. இரண்டாவது, நாம் பொருத்திய அடைவுக்கு உள்ளே வேறொன்று பொருத்தப்பட்டிருந்தால் அது கூடவே வருவதில்லை. அவ்விடம் வெறும் அடைவாகவே தோன்றும். ஜெட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறையைக் கையாள்வோர் கிளைக்குள் கிளை வைப்பது வழக்கம் ஆதலால், "கோப்பெல்லாம் எங்கே போயின?" என்று பதறுவது பெரும்பாலும் இதனால்தான். உள்ளிருப்பதையும் தனி வரி எழுதிப் பொருத்த வேண்டும்.

பெயர் வேறு, எண் ஒன்று

கோப்பின் உரிமையாளர் யார் என்பதை யூனிக்ஸ் பெயரால் குறித்து வைப்பதில்லை, எண்ணால் குறிக்கிறது. வருகைப் பதிவேட்டில் பெயரின்றி வரிசை எண் மட்டும் இருந்தால் எப்படியோ அப்படி. முன்னறையில் மலர் என்னும் பயனருக்கு 1001 என்ற எண் கிடைத்திருக்கலாம். உள்ளறையில் முதலில் சேர்க்கப்பட்ட ரோஸிக்கும் அதே 1001 கிடைத்திருக்கும். ஏனெனில் பிரீபிஎஸ்டியில் புதிய பயனர் எண்கள் இயல்பாக அங்கிருந்தே தொடங்குகின்றன. பொது அடைவைப் பொறுத்தவரை மலரும் ரோஸியும் ஒருவரே. மலரின் கோப்பை ரோஸி தன் கோப்பாகவே திறப்பாள். அவ்வாறே முன்னறையின் ரூட்டும் தாய் அமைப்பின் ரூட்டும் சுழி என்னும் ஒரே எண்ணுக்கு உரியவர்கள்.

ஆகவே அறைகளை அமைக்கும் முன் ஒரு தாளில் எண்களைப் பங்கிட்டுக்கொள்வது நல்லது. முன்னறைக்கு 2000 முதல், உள்ளறைக்கு 3000 முதல் என்று வைத்துக்கொண்டால் பிற்காலத்தில் குழப்பம் வராது. இரு அறைகளும் கூடிப் பயன்படுத்த வேண்டிய அடைவுக்கு மட்டும், இரண்டிலும் ஒரே எண் கொண்ட ஒரு குழுவை அமைக்கலாம்.

எண் ஒன்றாயிருப்பதால் வரும் பெரிய ஆபத்து வேறொன்று. 'செட்யூஐடி' என்று ஓர் அடையாளம் உண்டு. அவ்வடையாளம் இட்ட நிரலை யார் ஓட்டினாலும், அது தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். முன்னறையைக் கைப்பற்றிய ஒருவன் அங்கே ரூட் ஆகி, பொது அடைவில் ஒரு நிரலை வைத்து, அதற்குச் செட்யூஐடி அடையாளமும் இட்டுவிடுகிறான். அறைக்குள் அதனால் புதிய பயன் ஏதும் அவனுக்கு இல்லை. ஆனால் அதே கோப்பு தாய் அமைப்பிலும் இருக்கிறதல்லவா? அங்கே சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் கூட்டாளி ஒருவன் அதனை ஓட்டினால், சுழி எண்ணின் அதிகாரம் அவனுக்கு வந்துவிடும். அது தாய் அமைப்பின் ரூட்! சுவர் இருந்தும் வீடு முழுதும் போயிற்று.

இதற்கு 'நோசூயிட்' என்னும் விதி உண்டு. அவ்வடையாளத்தை அது பொருட்படுத்தாமல் செய்துவிடும். 'நோஎக்ஸெக்' என்னும் விதி, அங்குள்ள எதையும் நிரலாக ஓட்டவே விடாது. விடைத்தாள் வைக்கும் அடைவில் நிரல் ஓட்ட என்ன தேவை? இரண்டையும் சேர்த்தே இடலாம். ஆனால் பலர் அறைக்குள் பொருத்தும் வரியில் மட்டும் இவற்றை எழுதிவிட்டு அமைதியாயிருந்து விடுகின்றனர். அவ்விதிகள் அந்த வாசலுக்கு மட்டுமே உரியவை. தாய் அமைப்பில் உள்ள மூல அடைவு வழியாக வருவோரை அவை தடுப்பதில்லை. மேலே நாம் கண்ட ஆபத்தோ அவ்வழியேதான் வருகிறது. எனவே பொது அடைவைத் தனிப் பகுதியாகவே உண்டாக்கி, தாய் அமைப்பில் அதனைப் பொருத்தும்போதே இவ்விதிகளை இட வேண்டும். ஜெட்எஃப்எஸில் இதற்கென 'செட்யூஐடி', 'எக்ஸெக்' என்று இரண்டு பண்புகள் உள்ளன. இரண்டையும் அணைத்து வைக்கலாம்.

இன்னுமோர் எளிய காவல் உண்டு. பொது அடைவுக்கு மேலேயுள்ள தாய் அடைவுக்கு 0700 என்னும் அனுமதியை இட்டால், தாய் அமைப்பின் சாதாரணப் பயனர் எவரும் உள்ளே நுழையவே இயலாது. அப்படியானால் அறைகளுக்கும் அடைபட்டுப் போகாதா என்ற ஐயம் எழும். போகாது. அறைக்குள் ஓடும் நிரல் தன் வேரிலிருந்து இறங்கி வருகிறதே தவிர, அந்தத் தாய் அடைவின் வழியாக வருவதில்லை.

சுட்டுக் கோப்பு செய்யும் சூது

இதுகாறும் கூறியவற்றைவிட நுட்பமானது இனி வருவது. தோழியர் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

யூனிக்ஸில் 'சிம்லிங்க்' என்று ஒருவகைக் கோப்பு உண்டு. அதற்குள் செய்தி ஏதும் இராது. "அந்த இடத்துக்குப் போ" என்று ஒரு பாதை மட்டும் எழுதியிருக்கும். அதனைச் சுட்டுக் கோப்பு என்போம். அது வெறும் எழுத்து. எழுதியவன் எந்த அறையில் இருந்தான் என்பது அதில் இல்லை. படிப்பவர் எந்த அறையில் இருக்கிறாரோ, அந்த அறையின் வேரிலிருந்தே அப்பாதை கணக்கிடப்படும். "மாடியில் இடப்புற அலமாரி" என்று ஒரு சீட்டில் எழுதி அடுத்த வீட்டுக்கு அனுப்பினால், அவர்கள் தம் வீட்டு மாடிக்குத்தானே போவார்கள்?

நம் பள்ளிக்கு வருவோம். உள்ளறையின் திருத்தும் நிரல், பொது அடைவில் உள்ள ஒவ்வொரு விடையையும் திறந்து படிக்கிறது. பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக, அதன் படி ஒன்றைத் 'திரும்பியவை' என்னும் மற்றோர் அடைவில் வைக்கிறது. அவ்வடைவு முன்னறைக்குத் தெரியும். மாணவி தன் விடை சேர்ந்ததா என்று இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்வாள். முன்னறையில் புகுந்த அயலான் என்ன செய்கிறான் என்றால், 'விடை 14' என்று பெயரிட்டு ஒரு சுட்டுக் கோப்பை வைக்கிறான். அதில் எழுதியிருப்பது மதிப்பெண் பட்டியலின் பாதை. அவன் அதனைத் திறந்தால் ஒன்றும் கிடைக்காது; முன்னறையில் அப்படியொரு கோப்பே இல்லை. உள்ளறையின் நிரல் திறக்கும்போதோ, உண்மையான பட்டியல் திறந்துகொள்ளும். நிரல் அதனை விடைத்தாள் என்று நம்பிப் படியெடுத்துத் 'திரும்பியவை'யில் வைத்துவிடும். அயலான் முன்னறையில் அமர்ந்தபடியே பள்ளியின் மதிப்பெண் அனைத்தையும் படிப்பான்.

இதில் சுவர் எங்கும் இடியவில்லை. படிக்க மட்டும் என்ற விதியும் மீறப்படவில்லை. உள்ளறையே தன் கையால் எடுத்துக் கொடுத்துவிட்டது. உள்ளறையின் இடத்தில் தாய் அமைப்பின் ரூட் நின்று, பொது அடைவில் உள்ளவற்றைக் கவனமின்றிப் படியெடுத்தால், அப்போது போவது தாய் அமைப்பின் கடவுச்சொற் கோப்பாகவும் இருக்கலாம்.

தடுப்பது எவ்வாறு? கோப்பைத் திறக்கும்போதே, "சுட்டுக் கோப்பாயின் திறவாதே" என்று கேட்டுக்கொள்ளும் வசதி யூனிக்ஸில் உண்டு. 'ஓ-நோஃபாலோ' என்பது அதன் பெயர். முதலில் சுட்டுக் கோப்பா என்று பார்த்துவிட்டு, பிறகு சாதாரணமாகத் திறக்கலாமே என்று தோன்றும். கூடாது. பார்ப்பதற்கும் திறப்பதற்கும் இடையேயுள்ள இமைப்பொழுதில் அயலான் கோப்பை மாற்றி வைத்துவிடுவான். திறந்த பின், திறந்த அக்கோப்பைப் பற்றியே விசாரிக்க வேண்டும்: சாதாரணக் கோப்புதானா, அளவு எவ்வளவு என்று. 'ஃபைஃபோ' என்னும் குழாய்க் கோப்பைத் திறந்தால், மறுமுனையில் எழுதுவோர் வரும்வரை நிரல் காத்தே கிடக்கும். ஆதலால் காத்திராமல் திறக்கும் விதியையும் சேர்த்துக்கொள்வர்.

ஓ-நோஃபாலோ பாதையின் கடைசிப் பெயரை மட்டுமே காக்கும். நடுவில் உள்ள அடைவு சுட்டுக் கோப்பாக இருந்தால் அது பேசாமல் விட்டுவிடும். எளிய வழி, பொது அடைவுக்குள் உள்ளடைவுகளையே ஏற்காதிருப்பது. விடைகள் எல்லாம் ஒரே தட்டில் இருக்கட்டும். உள்ளடைவு ஏதேனும் தென்பட்டால் நிரல் அதனைத் தொடாமல் கடந்து செல்லட்டும். கூட்டிப் பெருக்க எளிதான வீட்டில் பாம்பு ஒளிய இடமில்லை.

மற்ற சில

முன்னறை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளறை படித்தால் பாதி விடைதான் கிடைக்கும். இதற்கு ஒரு பழைய உத்தி: முதலில் வேறொரு தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, பின்பு அதே அடைவுக்குள் சரியான பெயருக்கு மாற்றுவது. பெயர் மாற்றம் ஒரே நொடியில் முழுமையாக நிகழும். பாதி என்பது கிடையாது. ஆனால் இரண்டு பெயர்களும் பொருத்தப்பட்ட அதே இடத்துக்குள் இருக்க வேண்டும். வேறிடத்தில் எழுதிக் கொண்டுவந்தால் அது பெயர் மாற்றமாகாது, படியெடுப்பாகிவிடும். பழைய குறையும் திரும்பிவிடும்.

வட்டை நிரப்பிவிடுவதும் ஒரு தாக்குதலே. முன்னறை ஓயாமல் எழுதிக்கொண்டே போனால் உள்ளறை மதிப்பெண்ணைச் சேமிக்க இடமின்றித் தவிக்கும். பொது அடைவு தனிப் பகுதியாக இருந்தால், இரண்டு ஜிகாபைட் என்று ஓர் எல்லை வகுத்துவிடலாம்.

தாய் அமைப்பை நடத்துவோர் நினைவில் வைக்க வேண்டிய மற்றொன்று: ஓடிக்கொண்டிருக்கும் அறையிலிருந்து ஓர் அடைவை வெளியே நகர்த்தலாகாது. அவ்வேளையில் அறையின் நிரல் ஒன்று அவ்வடைவில் நின்றுகொண்டிருந்தால், அடைவோடு அதுவும் சுவருக்கு வெளியே வந்துவிடும். பிரீபிஎஸ்டியின் கையேடே இதனை எச்சரிக்கிறது. நகர்த்தாமல் படியெடுக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை.

முழு ஏற்பாடு

இப்போது பள்ளியின் ஏற்பாட்டைப் பார்ப்போம். ஒரே பொது அடைவை இருவரும் எழுதும்படி திறந்து வைப்பதை நாம் விரும்பவில்லை. யார் எதை எழுதினார் என்பதே தெரியாமல் போகும். இரண்டு அடைவுகள் வைப்போம். 'விடைகள்' முன்னறைக்கு எழுத, உள்ளறைக்குப் படிக்க மட்டும். 'திரும்பியவை' உள்ளறைக்கு எழுத, முன்னறைக்குப் படிக்க மட்டும். கோப்பு ஒவ்வொரு வாசலிலும் ஒரு திசையில் மட்டுமே செல்லும். மதிப்பெண் பட்டியல் இவ்விரண்டிலும் இல்லை. அது உள்ளறைக்குள்ளேயே இருக்கிறது.

பெறுகைக்கு அடையாளமாக விடையின் படியையே திருப்பி வைப்பது அவசியந்தானா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். "பெற்றோம்" என்று ஒரு வரியும் கிடைத்த நேரமும் போதுமே! அவ்வாறு செய்திருந்தால் சுட்டுக் கோப்புச் சூது பாதியிலேயே படுத்திருக்கும்.

லினக்ஸில் நல்எஃப்எஸின் இடத்தில் 'பைண்ட் மவுண்ட்' உள்ளது. 2013இல் வெளிவந்த டாக்கர் முதலியனவும் அதனையே பயன்படுத்துகின்றன. லினக்ஸில் அறைக்குள் இருக்கும் சுழி எண்ணைத் தாய் அமைப்பில் வேறோர் எண்ணாக மாற்றிக் காட்டும் வசதியும் இருக்கிறது. பெயரும் எண்ணும் பற்றிய நம் கவலை அங்கே குறையும். சுட்டுக் கோப்பு பற்றிய கவலை குறையாது.

ஏற்பாடு முடிந்ததும் சோதித்துப் பார்ப்பது எளிது. உள்ளறையில் ரூட்டாக நின்று 'விடைகள்' அடைவில் ஒரு வெற்றுக் கோப்பை உண்டாக்கிப் பார்க்கலாம். 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்ற மறுப்பு வர வேண்டும். முன்னறையில் ஒரு சிறு நிரலுக்குச் செட்யூஐடி அடையாளம் இட்டு, தாய் அமைப்பில் அதனை ஓட்ட முயலலாம், ஓடக் கூடாது. முன்னறையில் ஒரு சுட்டுக் கோப்பை வைத்துவிட்டு, திருத்தும் நிரல் அதனைக் கடந்து செல்கிறதா என்று காணலாம். கடைசியாக, எல்லை வகுத்த இரண்டு ஜிகாபைட்டையும் வேண்டுமென்றே நிரப்பிவிட்டு, உள்ளறையில் ஒரு மதிப்பெண்ணைச் சேமித்துப் பார்க்க வேண்டும். அது தடையின்றிச் சேமிக்கப்பட வேண்டும்.